பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து வந்த பதில்

போன மாதம் பென்ஷன் விஷயமாகப் பழைய கோர்ட்டுக்குப் போயிருந்தேன். நான் அமீனாவாக இருந்த இடம் அது. காலி செய்யச் சொல்லும் உத்தரவையும் ஜப்தி உத்தரவையும் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவனுக்குத்தான் அமீனா என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். இப்போதெல்லாம் ஒரு வீட்டைக் காலி செய்யப் போனால் ஆரம்பம் முதல் கடைசி வரை போனில் படம் எடுத்துவிடுகிறார்களாம். போலீசும் கூட வருகிறதாம். அதில் ஒருவர், உங்கள் காலத்தில் தனியாகத்தானே போவீர்கள், எங்கேயாவது பயந்திருக்கிறீர்களா என்று கேட்டார். அரிவாளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் கதையை எதிர்பார்த்திருப்பார்.

ஒரே ஒரு தடவை பயந்திருக்கிறேன், பட்டப்பகலில், வாரண்டை வாசித்துக்கொண்டிருந்தபோது என்றேன். இருவரும் சிரித்தார்கள். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. பாதியில் விட்ட பேச்சு மனதில் அரித்துக்கொண்டே இருந்ததால் எழுதி வைக்கிறேன்.

நான் வேலைக்கு வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். முதல் சில வருஷங்கள் சம்மன் கொடுக்கிற வேலை. வெயிலில் சைக்கிள், வெறிநாய்கள், "அவுக ஊர்ல இல்ல" என்று கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்லும் குரல்கள் என்று போயிற்று. பிறகு அமீனா ஆனேன். அமீனாக்களுக்கு மேலதிகாரியை நாசர் என்பார்கள். எங்கள் நாசர் அருளானந்தம் கோபமே படாத மனிதர். திரும்பி வந்ததும் நாம் எழுதிய அறிக்கையை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்துவிடுவார். "இப்ப வாயால சொல்லும்" என்று கண்ணை மூடிக்கொள்வார். சொல்லி முடித்த பிறகுதான் தாளைத் திருப்பி வாசிப்பார். வாய் சொன்னதும் கை எழுதியதும் வேறாக இருந்தால் அந்த வரியின் கீழே பென்சிலால் ஒரு கோடு விழும். திட்ட மாட்டார். கோடு மட்டும்தான்.

அவர் வைத்திருந்த விதிகளில் ஒன்று, வாரண்டை வீட்டு வாசலில் நின்று முழுவதும் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது. கேட்பதற்கு யாரும் இல்லாவிட்டாலும் வாசிக்க வேண்டும். வாதி பெயர், அவர் ஊர், பிரதிவாதி பெயர், சொத்தின் நாலு எல்லை, ஒன்றும் விடக் கூடாது. மற்ற அமீனாக்கள் அதைக் கேலி செய்வார்கள். சுவருக்கு வாசித்துக் காட்டி என்ன ஆகப்போகிறது என்பார்கள். நான் வாசித்தேன். பழகிப்போயிற்று.

நில வழக்குகளும் எங்களுக்கு வரும். கண்மாய் நிறையாத ஒரு வருஷம், குத்தகை அளக்காத ஒரு குடியானவரின் மாடுகளை ஜப்தி செய்யப் போனேன். தொழுவம் துப்புரவாகக் காலியாக இருந்தது. முளைக்குச்சி மட்டும் நின்றது. சொத்து கிடைக்கவில்லை என்று எழுதிக்கொண்டு திரும்பும் வழியில், ஊருக்கு வெளியே நிலச் சொந்தக்காரரின் தோப்பில் அந்த மாடுகள் கட்டிக் கிடப்பதைப் பார்த்தேன். வழக்குப் போட்டவர் அவர்தான். கூட்டுச் சொத்து என்பதால் தம்பிகளின் நெருக்கடியில் போட்டிருக்கிறார். வாரண்டு வருவது தெரிந்ததும் அவரே மாடுகளை ஓட்டிவரச் சொல்லியிருக்கிறார். என்னைப் பார்த்து, இளநீர் குடிக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். கோர்ட்டில் எதிரெதிராக நின்றவர்கள் ஊரில் எப்படி வாழ்கிறார்கள் என்பது காகிதத்தில் தெரியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வழக்கு அல்ல.

பர்மாவில் கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டு நம் ஆட்களைத் திருப்பி அனுப்பிய காலம். அதன் பின்னாலேயே இங்கே அரிசித் தட்டுப்பாடும் வந்தது. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்த இரண்டும் சேர்ந்து செய்ததை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் விளங்காது. பெரிய வீடு கட்டுவது நின்றது. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற பட்டறைகளில் வேலை நின்றது. கல் செய்கிறவன் வாடகை கொடுப்பது நின்றது. வாடகையை நம்பியிருந்த பெரிய வீட்டில் உலை வைப்பது நின்றது. மேலே கட்டியிருந்த ஒரே கயிறு அறுந்ததில் எல்லோரும் ஒன்றாக விழுந்தார்கள்.

ஆத்தங்குடிக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே சாத்தப்ப செட்டியார் என்பவரின் வீடு. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற அளவுக்கு நீளமான வீடு. செட்டியார் ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்தார். கடைகள் பறிபோன பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. அவர் மனைவி, எல்லோருக்கும் ஆச்சி, திருப்பத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். வீட்டின் உள்கட்டு முழுவதையும் பூட்டி, முகப்பையும் அதை ஒட்டிய இரண்டு அறைகளையும் கிணற்றடியையும் மட்டும் வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

குடியிருந்தவர் வெள்ளைச்சாமி. ஆத்தங்குடிப் பட்டறையில் கல் அச்சுப் போடுகிறவர். மனைவி பஞ்சவர்ணம். இரண்டு பெண் பிள்ளைகள். பட்டறை மூடிய பிறகு வாடகை வரவில்லை. செட்டியாரின் சொத்துகளைப் பார்த்துக்கொண்ட பவர் ஏஜெண்டு முத்துக்கருப்பன், செட்டியார் பெயரில் வழக்குப் போட்டார். முகப்பைக் காலி செய்து வாங்கி, வீட்டையே ஒரு மர வியாபாரிக்குப் பேசி முடிக்கிற யோசனை அவருக்கு. பர்மாத் தேக்குத் தூண்களுக்கு அப்போது மதுரையிலிருந்து ஆள் வருவார்கள். ஆச்சியும் வேறு வழியில்லாமல் சம்மதித்திருந்தார்.

விசாரணையன்று நான் கோர்ட்டில் இருந்தேன். வாடகையும் கொடுக்க முடியவில்லை, வேலையும் இல்லை என்கிறாயே, சின்ன வீடாகப் பார்த்துப் போனால் என்ன என்று நீதிபதி பஞ்சவர்ணத்தைக் கேட்டார். நியாயமான கேள்விதான். "போக முடியாதுங்கய்யா" என்றாள். ஏன் என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற வெள்ளைச்சாமி, எதையோ சொல்ல வாயைத் திறந்து, அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். வழக்கு அவர்களுக்கு எதிராக முடிந்தது.

முன்னறிவிப்பு ஒட்டுவதற்காக நான் முதலில் அந்த ஊருக்குப் போனது ஒரு கோடை மத்தியானம். தெரு முழுக்கப் பெரிய வீடுகள். எல்லாம் பூட்டியிருந்தன. வாசல் உச்சியில் இருக்கும் சுதைச் சிங்கங்களும் லட்சுமியும் நிறம் போய், என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. புறா இறகடிக்கிற சத்தம் மூடிய மாடிகளுக்குள் கேட்டது. அவ்வளவு அகலமான தெருவில் என் செருப்புச் சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது.

பஞ்சவர்ணம் வெளியே போயிருந்தாள். நான் நோட்டீசை ஒட்டும்போது வெள்ளைச்சாமி என் அருகில் வந்து, அடைத்த குரலில், சீக்கிரம் காலி பண்ணி விடச் சொல்லுங்கள் என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். காலி செய்யச் சொல்லிக் கெஞ்சிய குடித்தனக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பூட்டிய உள்கட்டில் விடியற்காலையில் யாரோ கூட்டிப் பெருக்குகிறார்களாம். தினமும் அதே இடத்தில் தொடங்கி அதே இடத்தில் நிற்குமாம். மழை பெய்தால் உள்ளே பாத்திரம் நகர்த்துகிற சத்தம் வருமாம். ஒருநாள் அவருடைய சின்ன மகள் இருமிக்கொண்டே இருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்ததை அவரே கேட்டிருக்கிறார். "போயிரலாம்னு ஒரு வருசமாச் சொல்றேனுங்க. இவ அசைய மாட்டேங்கிறா. இவளையும் அது பிடிச்சிருச்சோன்னு இருக்கு" என்றார்.

நான் கிணற்றடி எல்லையைக் குறித்துக்கொள்ளப் போனேன். உள்கட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு அங்கே திறக்கும். உள்பக்கம் தாழிட்டது. அதன் படியில் ஒரு பித்தளை வட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அடியில் ஈரம் காயவில்லை. அந்த நேரத்தில் வீட்டில் வெள்ளைச்சாமியையும் என்னையும் தவிர யாரும் இல்லை. இது யார் கழுவியது என்று கேட்டேன். அவர் அந்தப் பக்கம் பார்க்காமலேயே, அது படைப்பு, வீட்டு முன்னோருக்கு அவள் சோறு வைக்கிறாள், அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார். வட்டிலைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் இருந்தும் குளிர்ந்திருந்தது. நான் நோட்டீஸ் ஒட்டிய விவரத்தை நாசரிடம் சொன்னபோது வட்டிலைப் பற்றியும் சொன்னேன். கண்ணை மூடியபடியே, "ஈரம் பார்த்தீரா?" என்றார். பார்த்தேன் என்றேன். "அப்ப எழுதும். படைப்புங்கிறது கேள்விப்பட்டது. ஈரம் பார்த்தது" என்றார்.

வாரண்டு நாள் வந்தது. சாட்சிக்கு ஊர் மணியகாரர் வந்திருந்தார். ஏஜெண்டு முத்துக்கருப்பன் சாவிக்கொத்தோடு நின்றார். வெள்ளைச்சாமி விடியும்போதே பானை சட்டியைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டார். பிள்ளைகளை எதிர்வீட்டு நிழலில் உட்கார வைத்திருந்தார். பஞ்சவர்ணம் மட்டும் முகப்பில், உள்கட்டுக்குப் போகும் பெரிய நிலைக்கதவின் பக்கத்தில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்று யாரும் அதட்டவில்லை. அவள் முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. யாரையோ ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போகச் சொன்னது போல இருந்தாள்.

நான் நிலைக்கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, வழக்கம்போல உரக்க வாசிக்கத் தொடங்கினேன். வாதி, ரங்கூன் நகரில் வசித்துவரும் சாத்தப்பன் என்று வாசித்தேன்.

"இருக்கேன்" என்று என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் சொன்னது.

கோர்ட்டில் பெயர் கூப்பிட்டால் வரும் பதில் மாதிரி, சாதாரணமான குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், மரத்துக்கு மிக அருகில் வாயை வைத்துச் சொன்னது போல இருந்தது. கையில் இருந்த காகிதத்தில் அடுத்த வரி எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. மணியகாரர் இரண்டு படி இறங்கித் தெருவுக்குப் போய்விட்டார். வெள்ளைச்சாமி பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

பஞ்சவர்ணம் மட்டும் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

நாசர் இருந்தால் என்ன செய்யச் சொல்வார் என்று யோசித்தேன். பூட்டைத் திற என்று ஏஜெண்டிடம் சொன்னேன். அவருக்குக் கை வரவில்லை. சாவியை வாங்கி நானே பூட்டைக் கழற்றினேன். கதவைத் தள்ளினேன். நகரவில்லை. உள்பக்கமும் தாழிட்டிருந்தது. அப்புறம் அந்தத் தாழ்ப்பாள் மெதுவாக இழுபடுகிற சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்து நின்றது. அந்த இடுக்கில் யாரும் இல்லை.

உள்ளே போனேன். முற்றத்தில் வெயில் செங்குத்தாக விழுந்துகொண்டிருந்தது. சுற்றிலும் தாழ்வாரம். அந்த வீடுகளில் சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசி, கண்ணாடி போலத் தேய்த்திருப்பார்கள். நான் நடக்க நடக்க என் உருவமும் சுவருக்குள் நடந்து வந்தது. தரை முழுக்க விரல் கனத்துக்குத் தூசி. நடுவில் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு மட்டும் பளிச்சென்று கூட்டிய பாதை போயிற்று. நான் நின்றேன். சுவருக்குள் என் உருவமும் நின்றது. அதன் பக்கத்தில் இன்னோர் உருவம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். தூணை ஒட்டி ஒரு மனிதர். நரைத்த தாடி நெஞ்சுவரை இருந்தது. பர்மா லுங்கி கட்டியிருந்தார். கிழிசல், ஆனால் துவைத்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "உக்காருங்க" என்றார். உட்கார அங்கே ஒன்றும் இல்லை.

நீங்கள் யார் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். ஏன் இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு இன்றைக்குப் பதில் சொன்னீர்கள் என்றேன். "என் பேரை ஒருத்தர் சத்தமாச் சொல்லி ரொம்ப நாளாச்சு. வாய் தானாச் சொல்லிருச்சு" என்றார். சொல்லிவிட்டு அவரே வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். கப்பலில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கியிருக்கிறார். ஊரில் பாதிப்பேர் அவரை நம்பிக் கடையில் பணம் போட்டவர்கள். அதில் கைம்பெண்களும் இருந்தார்கள். அவர்கள் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை. இருட்டும் நேரத்தில் பின்தெரு வழியாக வந்து, தன்னிடமிருந்த சாவியால் பின்கதவைத் திறந்து உள்ளே போனவர், பிறகு வெளியே வரவே இல்லை. உள்ளே இருந்த பழைய தானியம் தீர்ந்து பட்டினி கிடந்தபோது ஒருநாள் கிணற்றடிப் படியில் சோறு இருந்திருக்கிறது. அந்தச் சோறு வைத்தவர்களைக் காலி செய்ய வேண்டாம் என்றார்.

நான் நிலைவாசல் வரை வந்து முத்துக்கருப்பனைக் கூப்பிட்டேன். இவர்தானா உங்கள் முதலாளி, பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் படியில் ஒரு காலை வைத்து எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "இல்ல. இது அவுக இல்ல. அவுக ரங்கூன்ல இருக்காக" என்று சொல்லிவிட்டு இறங்கித் தெருவில் நடக்கத் தொடங்கினார். மர வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்ததால் சொன்னாரா, நிஜமாகவே பேய் என்று நினைத்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மணியகாரர் அந்த ஊருக்குப் புதியவர். செட்டியாரைப் பார்த்ததே இல்லை. உள்ளே இருந்தவர் ஏஜெண்டு சொன்னதைக் கேட்டார். மறுத்துப் பேசவில்லை. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

காகிதத்தில் வாதி ரங்கூனில் இருந்தார். அவருடைய ஏஜெண்டு காலி செய்யச் சொல்கிறார். எதிரில் ஒருவர் நின்று நான்தான் வாதி, வேண்டாம் என்கிறார். அவரை அவர்தான் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை; ஊராரைக் கூப்பிட அவர் சம்மதிக்கவும் இல்லை. என் வேலையில் அதைவிடச் சிக்கலான நிலைமை எனக்கு வந்ததில்லை. வாரண்டை நிறைவேற்றாமல் திரும்பினேன்.

நாசர் வழக்கம்போல அறிக்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு தாளைத் திருப்பி ஒரே ஒரு வரியின் கீழே கோடு போட்டார். "வாதி உள்ளே இருந்தார்" என்று எழுதியிருந்தேன். "வாதி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவர்" என்று மாற்றச் சொன்னார். அதை நீதிபதியிடம் கொண்டுபோனார். ஆச்சியை வரவழைத்து அடையாளம் பார்க்கும்படி உத்தரவாயிற்று. நாசர் தன் இடத்தை விட்டு எழுந்து வெளியூர் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆச்சி திருப்பத்தூரிலிருந்து பஸ்ஸில் தனியாக வந்தார். மெலிந்த, நிமிர்ந்த உருவம். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. முகப்புக்கு வந்தவர் நிலைக்கதவைப் பார்த்தார். உள்ளே போகவில்லை. உள்ளே போய்ப் பாருங்கள் என்று நாசர் மெதுவாகச் சொன்னார். அவர் தலையை அசைத்து மறுத்தார். கணவர் என்று நம்பிப் போய், அது வேறு யாராகவோ இருந்துவிட்டால் என்ற பயம் அவருக்கு. இல்லை, அவராகவே இருந்துவிட்டால் என்றும் இருந்திருக்கலாம்.

பிறகு பஞ்சவர்ணத்தின் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, சோறு நீயா வைக்கிற?"

"ஆமா ஆச்சி."

"சனிக்கிழமை என்ன செய்வாக?"

நாங்கள் யாரும் அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை. பஞ்சவர்ணத்துக்குப் புரிந்தது.

"சனிக்கிழமை மட்டும் குழம்பு, கறி எதையும் தொட மாட்டாக. முதல்ல எனக்குத் தெரியல. அப்பறம் பார்த்துக்கிட்டு, அன்னைக்கி உப்பில்லாத வெறுஞ்சோறா வச்சிருவேன். அது மட்டும் காலியாகும்."

ஆச்சி தூணைப் பிடித்துக்கொண்டார். திருக்கோஷ்டியூர்ப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு, முதல் தடவை கப்பல் ஏறிய நாளிலிருந்து சனிக்கிழமை உப்பு சேர்க்காமல் சாப்பிடுகிறவர் சாத்தப்ப செட்டியார். அது ஆச்சியைத் தவிர யாருக்கும் தெரியாது. "அவுகதான்" என்றார். அப்புறம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவு பின்னால் மூடிக்கொண்டது.

ஆச்சி வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. நாசர் கைகளைக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். அந்த நேரத்தில்தான் நான் பஞ்சவர்ணத்திடம் கேட்டேன். உனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமா என்றேன்.

முதலில் அவளும் படைப்பாக நினைத்துத்தான் வைத்திருக்கிறாள். ஒருநாள் அரிசி கிடைக்காமல் பிள்ளைகளுக்குக் கஞ்சிகூடப் போதவில்லை. பெரியவள் பசியில் அழுதிருக்கிறாள். அப்படியும் கிணற்றடிப் படியில் ஒரு கை சோறு வைத்தாள். போய்ப் பார்த்தபோது அதில் பாதி அப்படியே, இலையால் மூடி, காக்கை கொத்தாமல் மேலே கல் வைத்து இருந்திருக்கிறது. மறுநாளும் அப்படியே. பிள்ளை அழாத நாளில் வட்டில் காலியாக வந்திருக்கிறது.

"பேய்க்குப் பசிக்கும்னு கேட்ருக்கேன். எம்பிள்ள பசி அதுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

இதை ஏன் கோர்ட்டில் சொல்லவில்லை, வாதியே உள்ளே இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வழக்கே நின்றிருக்குமே என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஒளிந்திருக்கிற மனுஷரை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று கேட்கவில்லை. அது கேட்கத் தேவையே இல்லாத விஷயம் என்பதுபோலப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். புருஷனிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை. வெள்ளைச்சாமி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் தான் பயந்து தூங்காமல் கிடந்ததற்கு அவளைக் கோபிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆச்சி வெளியே வந்து, கேஸ் வேண்டாம் என்றார். நாசர் அங்கேயே உட்கார்ந்து, இரு தரப்பும் சமாதானம் என்று எழுதினார். பட்டறையில் வேலை இருக்கிற மாதத்தில் வாடகை, இல்லாத மாதத்தில் இல்லை. வீட்டின் மூன்றாம் கட்டை மட்டும் பிரித்து மரத்தை விற்பது, பிரிக்கிற வேலையை வெள்ளைச்சாமிக்கே கொடுப்பது. இவ்வளவும் காகிதத்தில் ஏறியது. ஆச்சி அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். முதலில் அரிசியை மட்டும் பஞ்சவர்ணத்திடம் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு அடுப்புக்கு விறகு எதற்கு என்று உலையும் ஒன்றாயிற்று. அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் அது சின்ன விஷயம் அல்ல.

செட்டியார் மட்டும் வெளியே வரவில்லை. வழக்கு முடிந்துவிட்டது, பயம் இல்லை என்று எவ்வளவு சொல்லியும் நிலைவாசலைத் தாண்ட மாட்டேன் என்றுவிட்டார். இருக்கிறார் என்பது எங்கள் சில பேருக்கு மட்டும் தெரியும். நாசர் அலுவலகத்தில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. முத்துக்கருப்பன் சாகும்வரை, தான் எட்டிப் பார்த்தது செட்டியார் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் அதையே நம்பியது.

எழுபதுகளில் வேறொரு வேலையாக அந்த ஊருக்குப் போனேன். அந்த வீட்டின் முன்னால் கூட்டம். நிலைக்கதவு இரண்டு பக்கமும் அகலத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு பாடை வந்தது. ஆச்சியைத் தவிர ஆளே இல்லாத உள்கட்டிலிருந்து யாரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று தெருவில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். செட்டியார் ரங்கூனிலிருந்து வந்த அன்றைக்கே இறந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். அப்படியே அது கதையாயிற்று. முன்னால் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் வெள்ளைச்சாமி. அவர் கண்ணைத் துடைக்க முடியாமல் நடந்து போனார்.

வேலை முடிந்து இரண்டு நாள் கழித்து அந்த வழியே திரும்பியபோது பஞ்சவர்ணத்தை முகப்பில் பார்த்தேன். அப்போது பட்டறைகளில் வேலை திரும்பிவிட்டது. வாடகையும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஆச்சியும், விருப்பமுள்ளவரை இருந்துகொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டார். எந்தக் கஷ்டமும் இல்லையே என்று விசாரித்தேன். இந்த மாசத்தோடு வேறு வீடு பார்த்துப் போகிறோம் என்றாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு வாரண்டு வந்தும் எழுந்திருக்காதவள். ஏன் என்று கேட்டேன். உள்கட்டின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"ரெண்டு நாளா விடியக்காலம் உள்ள அந்தக் கூட்டுற சத்தம் இல்லங்கய்யா. இப்பத்தான் பயமா இருக்கு."